நாலு எண்ணு

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. எழுத உட்கார்ந்ததும் ஆடத் தொடங்கிவிட்டது. வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த இருபது தாள்களில் ஒன்றை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன். தாள்களுக்குக் கணக்கு உண்டு என்று காவலர் சொன்னார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஆடவில்லை. ஆடுகிற பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது, முப்பத்தொரு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

மேடம், உங்கள் மேல் எனக்கு நல்ல மதிப்பு உண்டு. கேட்ட கேள்வியையே சுற்றிச் சுற்றிக் கேட்டு ஆளைக் களைக்க வைக்கும் வழக்கம் உங்களிடம் இல்லை. அப்படியிருந்தும் உங்கள் விமான விசாரணையின் வரைவு அறிக்கையில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "சோதனை எந்தச் சூழலில் நடந்தது என்பது தெளிவாக இல்லாததால், கிடைத்த அளவுகளை எந்தக் கணிப்போடும் ஒப்பிட இயலாது" என்று எழுதியிருந்தீர்கள். சூழல் தெளிவாகத்தான் இருந்தது. அதை அமைத்தவன் நான். யாரும் கூப்பிடாமல் நானே உங்கள் அலுவலகப் படியேறி வந்தது அதைச் சொல்வதற்குத்தான். ஒரு சோதனையை எப்படி அமைத்தோம் என்று எழுதிவைக்காவிட்டால் அது சோதனையே இல்லை, வெறும் விபத்து.

அன்று கட்டுப்பாட்டு அறையில் திரை பார்த்த பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். விமானத்தைப் பறக்கவிடாமலே பறக்கவிட்டுப் பார்ப்பது என் வேலை. கணினிக்குள் ஒரு விமானத்தைக் கட்டி, அதன் இறக்கையை இருபது லட்சம் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று என்ன செய்யும் என்று கணக்குப் போடச் சொல்வோம். ஒரு விடை வர ஒன்பது நாள் பிடிக்கும். கணினிகள் சூடாகக் கூடாது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தைக் குளிரவைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் என் மாணவர்கள் உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

எல்லா விமானத்துக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அதைத் தாண்டினால் இறக்கை தானாக அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். காற்று அதை ஆட்டும், அது ஆடுவதால் காற்று இன்னும் பலமாக ஆட்டும். மூன்று நான்கு விநாடியில் முறிந்துவிடும். இதற்குப் படபடப்பு என்று பெயர். அந்த வேகம் எது என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் நான் என் வாழ்நாளைச் செலவழித்திருக்கிறேன். கணினி சொன்ன எண்ணுக்கும் நிஜத்தில் அளந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆய்வுக்கூடத்தில் மிச்சம் என்போம். காலையில் என் மாணவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக "மிச்சம் எவ்வளவு சார்?" என்றுதான் கேட்பார்கள். மிச்சமே இல்லாத கணக்கு ஒன்றையாவது போட்டுவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்று நான் அவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்காக எனக்குப் பதக்கங்கள் கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி துடைத்துத் துடைத்து ஒன்றில் எழுத்தே அழிந்துவிட்டது. மனதில் கைவைத்துச் சொன்னால், அவை எல்லாம் பொம்மைகளுக்குக் கிடைத்த பதக்கங்கள். கை நீளத்துக்கு ஒரு மர இறக்கையைச் செய்து, பெரிய குழாயில் வைத்துக் காற்றை ஊதி, என் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று கைதட்டினார்கள். நிஜ விமானத்தில் அந்த வேகத்தை யாரும் அளப்பதில்லை. அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுவார்கள், அதுதான் விதி. ஆகவே என் எண் சரியா தப்பா என்று கடைசிவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. சமையலில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவளின் சாப்பாட்டை ஒருவர்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை என்றால் அவளுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலையில்தான் அந்தப் பத்தொன்பது இருக்கை விமானம் வந்தது. அதைக் கட்டிய நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மணிக்கு ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர் வரை இறக்கைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருடைய கணக்கு. என் கணினி ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றது. மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றாவது முறை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பதினோரு பேர். நான் நாற்பது நிமிடம் பேசி முடித்ததும் அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"பேராசிரியரோட கணினி கொஞ்சம் பயந்தாங்கொள்ளிங்க. ஜன்னலைத் திறந்தாலே இறக்கை உடைஞ்சிரும்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. ஒரு வாரத்தில் என் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் "நேரடிச் சோதனையில் ஆதாரம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை உங்களிடம் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்திருங்கள். நான் செய்தது அத்தனையும் அந்த ஒரு வரிக்குக் கட்டுப்பட்டுச் செய்ததுதான். அவர்கள் கேட்டார்கள், நான் கொடுத்தேன்.

சோதனை இப்படி நடக்கும். விமானத்தில் ஒரே ஒரு விமானிதான் ஏறுவார். வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டுவார். ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாட்டுக் கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார், விமானம் நடுங்கும். அந்த நடுக்கம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று தரையில் இருப்பவர்கள் திரையில் பார்ப்பார்கள். சட்டென்று அடங்கினால் அவர்களில் ஒருவர் வானொலியில் "போகலாம்" என்பார். இழுத்துக்கொண்டே போனால் "நில்" என்பார். அந்த ஒருவர் வாயைத் திறக்காமல் விமானி அடுத்த படிக்குப் போகக்கூடாது. அந்த நாற்காலியை நான் கேட்டு வாங்கினேன். "அவரைவிட இதுக்குப் பயந்த ஆள் கிடைக்கமாட்டாங்க" என்று தலைமை வடிவமைப்பாளரே சிபாரிசு செய்தார்.

விமானிகள் இரண்டு பேர். மூத்தவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள், அவருடைய பெயர் என்னவென்று அவருக்கே மறந்திருக்கும். லேசாக ஆடினாலும் வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நல்ல குணம். என் காரியத்துக்கு உதவாத குணம். படபடப்பு தொடங்கிய பிறகு நான்கு விநாடிக்காவது அளவுகள் பதிவாக வேண்டும். அப்போதுதான் கணினி வரைந்த என் வளைகோட்டை அதன்மேல் வைத்து இம்மி பிசகாமல் பொருந்துகிறது என்று காட்ட முடியும். நிதானத்திடம் ஒரு விநாடிகூடத் தேறாது.

இன்னொரு விமானி என் மைத்துனன்.

என் மனைவிக்குத் தாய் சின்ன வயதிலேயே தவறிவிட்டார், தந்தை இருந்தும் இல்லாதவர். கல்யாணமாகி வரும்போது ஒரு பெட்டி, ஒரு தையல் இயந்திரம், ஒன்பது வயதுத் தம்பி என்று மூன்றையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு அவள் வைத்திருந்த செல்லப் பெயர் வாலு. பொருத்தமான பெயர்தான். நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. வந்த வாரமே மொட்டைமாடியிலிருந்து குடையை விரித்துக்கொண்டு குதிக்கப் பார்த்து, அக்காவிடம் முதுகு பழுக்க வாங்கிக்கொண்டான். எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் வீட்டை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தான். நாற்பது வயதாகி, சோதனை விமானியாகி, காதோரம் நரைத்த பிறகும் அக்காவுக்கு அவன் வாலுதான். எனக்கும் அப்படித்தான்.

அவனுக்குப் பல் ஆடும்போதெல்லாம் என்னிடம்தான் வருவான். நூலைக் கட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு "நாலு எண்ணு, நாலு சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பேன். மூன்றிலேயே இழுத்துவிடுவேன். இரண்டாவது பல்லுக்கே அந்தச் சூட்சுமம் அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அடுத்த பல்லுக்கும் வந்து வாயைப் பிளந்து கண்ணை இறுக்கிக்கொண்டு எண்ணுவான். மூன்றில் நிறுத்திவிட்டு வலிக்காகக் காத்திருப்பான். நான் சொன்னால் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இப்படிப்பட்ட ஒரு விமானி எந்த ஆய்வாளருக்கும் எளிதில் வாய்க்கமாட்டார்.

முறைப்படி அந்தப் பறப்பு நிதானத்துடையது. அவர் ரொம்ப யோசிப்பார், நாள்தான் இழுக்கும் என்று தலைமை வடிவமைப்பாளரிடம் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். மறுநாள் பட்டியல் மாறிவிட்டது. அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாலு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "அத்தான் கீழ இருந்து பாத்துக்கப் போறாரு, எனக்கென்ன கவலை? அவரோட கணினியே பயந்தாங்கொள்ளி, அவரு அதுக்கு மேல" என்றான். கூட்டத்தில் நடந்த பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கிறது. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

பறப்புக்கு முதல்நாள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். திரை பார்க்கும் பெண் அங்கே பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவள், வேலையில் கண்ணும் கருத்துமாக இருப்பாள். எல்லோரும் பார்க்கும் பெரிய திரை அவள் பொறுப்பு. விமானத்தின் ஒவ்வொரு பாகத்தின் நடுக்கமும் அதில் ஒரு கோடாக ஓடும். கோடுகள் ரொம்பச் சிலுப்புகின்றன, பார்க்கக் கண் வலிக்கிறது என்று அவள் முறையிட்டுக்கொண்டிருந்தாள். சிலுப்பலைக் குறைக்க ஒரு வழி உண்டு. கடந்த சில விநாடிகளின் சராசரியை எடுத்துக் கோட்டை வழவழப்பாக்கிவிடலாம். வழக்கமாக இரண்டு விநாடி வைப்பார்கள். ஒன்பது வைக்கச் சொன்னேன்.

"ஒன்பது ஜாஸ்தி இல்லையா சார்?"

"கண்ணு வலிக்குதுன்னு நீதானேம்மா சொன்னே."

அவள் சிரித்துக்கொண்டே ஒன்பது என்று பதிந்து, தாளில் கையெழுத்தும் போட்டாள். ஒன்பது விநாடிச் சராசரியில் எந்த நடுக்கமும் சாதுவாகத்தான் தெரியும். என் முன்னாலிருந்த சிறிய திரையில் மட்டும் இறக்கையின் கோடுகளை வழவழப்பாக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் அவள் கையெழுத்து இருப்பதை வைத்து நீங்கள் அவளைப் பிடித்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பறப்பு காலை எட்டேகாலுக்கு. நான் காலணி போட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி வாசலில் வந்து நின்று "அவனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். ஒவ்வொரு பறப்புக்கும் அவள் சொல்வதுதான். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அன்று காலை முழுவதும் நான் அவனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் எட்டுப் பேர். தரை துடைத்த ஈரம் காயவில்லை, பினாயில் வாசனை. நானூற்று எண்பதில் அவன் தட்டியபோது நடுக்கம் இரண்டு விநாடியில் அடங்கியது. தொண்ணூறில் இரண்டரை. ஐந்நூறில் மூன்றரை. என் சட்டைப்பையில் கணினி கொடுத்த பட்டியலை மடித்து வைத்திருந்தேன், எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் மனப்பாடம். ஐந்நூற்றுப் பத்தில் என் திரையில் ஆறு விநாடி இழுத்தது. பட்டியலிலும் ஆறுதான். பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"மூணுலயே அடங்கிடுச்சு சார்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வானொலியில் "போகலாம்" என்றேன்.

அந்த இடத்தில் ஏன் நிறுத்தவில்லை, ஆறு விநாடியே போதுமான ஆதாரம்தானே, அவனும் பத்திரமாக இறங்கியிருப்பான், உங்கள் எண்ணும் ஏற்கப்பட்டிருக்குமே என்று கேட்டீர்கள். உங்கள் கேள்விகளில் நல்ல கேள்வி அதுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினோரு பேரை நீங்கள் பார்த்ததில்லை. ஆறு விநாடியைக் காட்டினால் கருவிக் கோளாறு என்பார்கள். ஏழு என்றால் காற்று சரியில்லை என்பார்கள். போகும் திசையைக் காட்டினால் வாதம் செய்யலாம், போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டினால் வாய் மூடிவிடும். அதோடு, அந்த மாதிரி விமானங்கள் நூற்றிருபது கட்ட ஒப்பந்தமாகியிருந்தது. ஒன்றுக்குப் பத்தொன்பது பேர் என்றால் இரண்டாயிரத்து இருநூற்று எண்பது பேர். இந்தப் பக்கம் ஒருவன். எவ்வளவு பாசம் இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

அவனுக்கு வழியே இல்லாமல் நான் பண்ணிவிடவில்லை. முதுகில் பாராசூட் இருந்தது, குதிப்பதற்கென்று ஒரு கதவும் இருந்தது. தப்பிக்கும் வாய்ப்பைத் தனியாகக் கணித்து வைத்திருந்தேன். பத்துக்கு நான்கு. மோசமில்லை.

இனி உங்களிடமிருக்கும் ஒலிப்பதிவில் வருவது. "அத்தான், கொஞ்சம் ஆடுது" என்றான். வேகம் கேட்டேன். "ஐநூத்திப் பதிமூணு" என்றான். குரலில் நடுக்கமிருந்தது, அவனுக்கல்ல, அவன் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு. நான் சொன்னதை நீங்கள் எழுத்தில் வடித்து, பக்கத்தில் "உறவினருக்கே உரிய ஆறுதல்" என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள்.

"பிடிச்சுக்கோ. நாலு எண்ணு."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அதற்கு மேல் பதிவில் ஒன்றுமில்லை. குதிக்க வேண்டுமானால் அவன் கம்பியிலிருந்து கையை எடுக்க வேண்டும். நான் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கையை எடு என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி இருந்தது என்கிறீர்கள், அது உண்மைதான். அந்த மூன்று விநாடியும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு எழுந்தது. என் மாணவர்கள் ஒன்பது நாள் குளிரில் உட்கார்ந்து வரைந்தெடுத்த அதே கோடு, அதே சரிவு, அதே வளைவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படி இருக்குமாக்கும், எனக்குத் தெரியாது.

திரை பார்த்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தலைமை வடிவமைப்பாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், யாரும் வருமுன்பே, பலகையில் "மிச்சம்: ஒன்று" என்று எழுதி அடிக்கோடிட்டேன். பன்னிரண்டு என்று சொன்னேன், பதின்மூன்றில் நடந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையைப் பார்த்தார்கள். துக்கத்தால் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், துவைத்த அவனுடைய சட்டையை மடித்துக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"பயந்துட்டானா?"

"இல்ல. நாலு வரைக்கும் நிதானமா எண்ணினான்" என்றேன். அவள் தலையசைத்தாள். ஒரு பொய் சொன்னேன் என்றால் அந்த ஒன்றுதான், அவன் எண்ணியது மூன்று. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே, அந்தச் சோதனையின் சூழல் தெளிவாக இருக்கிறது. விமானியைத் தேர்ந்தெடுத்தது நான். திரையை அமைத்தது நான். போகலாம் என்றது நான். நாலு எண்ணச் சொன்னதும் நான்தான், ஆறுதலுக்காக அல்ல, நான்கு விநாடிப் பதிவுக்காக. இனி உங்கள் அறிக்கையில் அந்த வரியைத் திருத்திவிடலாம்.

நேற்று இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீங்கள் நின்றபடியே படித்தீர்கள், கடைசித் தாள் வரும்போது உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு தாள்களை நகலெடுத்துக்கொண்டு என்னிடமே தள்ளிவிட்டு, இன்னொரு அறிக்கையை எடுத்து வைத்தீர்கள். உடைந்த பாகங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுடையது, நேற்றுக் காலைதான் வந்தது என்றீர்கள். நீங்கள் சொன்னதை மறக்காமல் எழுதுகிறேன், இதுவும் சோதனையின் பகுதிதான்.

"இறக்கை ரெண்டும் தரையில மோதுற வரைக்கும் உடையல சார். அதுக்கு ஒண்ணும் ஆகல. முதல்ல போனது வால். வாலோட கீல் தளர்ந்து, வால்தான் அடிச்சுக்கிட்டிருக்கு. அந்த ஆட்டம்தான் இறக்கையில உங்களுக்குத் தெரிஞ்சது."

என் கணக்கில் வால் எந்த வேகத்தில் ஆடுவதாக வருகிறது என்று கேட்டீர்கள். வால் என் கணக்கில் இல்லை என்றேன். அதையும் சேர்த்தால் ஒன்பது நாள் இருபது நாளாகிவிடும். ஆகவே முதலிலிருந்தே வாலை ஆடாத கட்டை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டோம். நீங்கள் அறிக்கையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள்.

"அந்தப் பெரிய திரையில வாலோட கோடும் இருந்தது. அந்தப் பொண்ணு பாக்க வேண்டியதே அதைத்தான். ரெண்டு விநாடிச் சராசரி வெச்சிருந்தா ஐநூறுலயே நில்லுன்னு சொல்லியிருப்பா. இறக்கை அவங்க சொன்ன மாதிரி ஐநூத்தி எண்பது வரைக்கும் தாங்கியிருக்கும். கீல் ரெண்டை மாத்தினா போதும், விமானம் சரியாயிடும்."

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பலகையில் எழுதிய "மிச்சம்: ஒன்று" என்பதை அழிக்க வேண்டும், மாணவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டும் பதின்மூன்றும் பக்கத்தில் வந்தது தற்செயல். இரண்டாயிரத்து இருநூற்று எண்பது பேர் என்ற கணக்கும் நிற்காது. ஆனால் தப்பு தெரிந்த பிறகு அதை ஒப்புக்கொள்ளாதவன் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை. நீங்கள் போனதும் மீதியிருந்த தாள்களில் வாலைச் சேர்த்துக் கையாலேயே கணக்கைப் போட ஆரம்பித்தேன். கணினி இல்லாமல் முரட்டுக் கணக்குத்தான் வரும். கீலை மாற்றிய பிறகு வால் அடித்துக்கொள்ளும் வேகம் ஐந்நூற்று இருபத்தாறு என்று வருகிறது. கூடக்குறைய மூன்று இருக்கலாம்.

இன்று காலை என் மனைவிக்குப் பத்து நிமிடம் அனுமதி கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. அவள் ஒலிப்பதிவைக் கேட்டிருந்தாள். வாக்குமூலத்தையும் வால் அறிக்கையையும் நீங்கள் காட்டியிருந்தீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எழுந்து போகும்போதுதான் பேசினாள்.

"வாலை நீங்க ஒரு நாளும் கணக்குல சேத்ததே இல்ல."

உண்மைதான். முதல் நாளிலிருந்தே சேர்க்கவில்லை. இத்தனை வருடம் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என் ஆராய்ச்சியை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் அவளிடம் முன்பே கலந்து பேசியிருக்கலாம். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். திரும்ப வந்தால் சொல்ல வேண்டும்.

மேடம், கணக்குப் போட்ட தாள்களையும் இதோடு இணைத்திருக்கிறேன், ஒன்றுதான் மேசைக்காலுக்கு அடியில் இருக்கிறது. அதே மாதிரி இரண்டாவது விமானம் ஒன்று கட்டிமுடித்துக் கொட்டகையில் நிற்பதாகக் கேள்வி. கீலை மாற்றி, ஐந்நூற்று இருபத்தாறு வரை ஒரே ஒரு பறப்பு ஏற்பாடு செய்யுங்கள், அது போதும். நிதானத்தை அனுப்ப வேண்டாம். சொன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாகப் பாருங்கள். நான் அங்கே இருக்க வேண்டும் என்றில்லை. நான்கு வரை முழுதாக எண்ண வேண்டும் என்று மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். வாலு மூன்றோடு நிறுத்திவிட்டான்.